பத்து நிமிட நீரமைதி

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் கடற்பசுவாகிவிடுவார்கள். பிடரியில் உணர்பட்டையை ஒட்டிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி சோபாவில் சரிந்து கிடப்பார்கள். திரையில் மன்னார் வளைகுடாவின் பச்சைத் தண்ணீர் அசையும். முத்தம்மா என்ற கடற்பசு மூக்கை மணலில் புதைத்துக் கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். அது மென்றால் கோயம்புத்தூரில் ஒரு வங்கி மேலாளரின் தாடை அசையும். அது மூச்சு வாங்க மேலே வந்தால் இலட்சக்கணக்கான மார்புகள் ஒரே நேரத்தில் விரியும். பக்கத்தில் கிடந்து அவர்களுடைய பிள்ளை அழுதால் யாருக்கும் கேட்காது.

தொடரின் பெயர் 'கடற்சொந்தம்'. பதினோரு வருடமாக ஓடுகிறது. ஆமை, ஆக்டோபஸ், புள்ளிச்சுறா என்று எல்லாவற்றுக்குள்ளும் மக்கள் போய் வந்தாயிற்று. ஆனாலும் முத்தம்மாதான் நாயகி. ஓட்டுப் போட்டுப் பெயர் வைத்தவர்களே அவர்கள்தான். ஒவ்வொரு வாரமும் கடைசி ஐந்து நிமிடத்தில் முக்குளிப்பாளன் கஸ்பார் அதன் அருகே நீந்தி வந்து விலாவைத் தடவிக்கொடுப்பான். அந்த நொடியில் பார்ப்பவர்களுக்குள் ஒரு வழுவழுப்பான அமைதி பரவும். சலனமே இல்லாத அமைதி. அதற்கு 'அன்பு' என்று பெயர் வைத்தவர் தயாரிப்பாளர் சபேசன். நாடே நம்பியது. கஸ்பார் எல்லாரையும்விட அதிகம் நம்பினான்.

கஸ்பாரின் மனைவி பிலோமி கரையில் வேலை செய்தாள். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. கடற்பசுவின் கழுத்தில் மிளகளவு மணியொன்றை ஒட்டுவார்கள். அதுதான் நரம்பொற்றி. மிருகத்தின் நரம்பில் ஓடுவதை அது ஒற்றியெடுக்கும், கணினி அதை மனித நரம்புக்கு ஏற்றபடி பெயர்க்கும், உணர்பட்டை அதைப் பார்ப்பவரின் பிடரி வழியாக உள்ளே இறக்கும். இடையில் பதிவைச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டியது பிலோமி.

சுத்தம் செய்வதற்கு ஒரு முறை இருந்தது. பழைய காலத்து ஒலிப்பதிவாளர்கள், படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி வெறும் அறையின் மௌனத்தைப் பதிவு செய்வார்களாம். மின்விசிறியின் முனகல், விளக்கின் ரீங்காரம் எல்லாம் அதில் வந்துவிடும். இவர்களும் அதைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக முக்குளிப்பாளர்கள் மிருகத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் மிதப்பார்கள். உடுப்பின் மின்கலம், காற்றுக்குழாய், படகு என்று மனிதர்கள் கொண்டுவந்த இரைச்சல் எல்லாம் பதிவின் அடியில் சாம்பல் நிறப் பட்டையாகத் தங்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு 'நீரமைதி' என்று பெயர். சாம்பல் பட்டைக்குக் 'கசடு'. நாள் முழுவதும் எடுத்த பதிவிலிருந்து கசடைக் கழித்துவிட்டால் மிச்சம் தெளிவாக இருக்கும். யாருக்கும் இதில் சந்தேகமே வந்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலையில் எடுக்க வேண்டிய மணி முத்தம்மாவின் கழுத்திலிருந்து கழலவில்லை. அடுத்த இரண்டு நாளும் காற்றுக் கடுமையாக இருந்ததால் படகு போகவில்லை. வெள்ளிக்கிழமைதான் எடுத்து வந்தார்கள். மூன்று நாள் பதிவு பிலோமியின் திரையில் நீளமாக விரிந்தது.

செவ்வாய் மாலை படகு திரும்பிய பிறகு கசடு மெலியத் தொடங்கி, நாற்பது நிமிடத்தில் அடியோடு மறைந்தது. புதனும் வியாழனும் பால்போல் சுத்தம். வெள்ளி காலை ஏழு பத்துக்கு மறுபடி ஆரம்பித்தது. பிலோமி படகுக் குறிப்பை எடுத்துப் பார்த்தாள். படகு துறையை விட்டதே ஏழு மணிக்கு. முத்தம்மா மேய்ந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். ஏழு பத்துக்கு உடுப்புகளும் மின்கலங்களும் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. எந்த இயந்திரத்தின் இரைச்சலும் அத்தனை தூரம் தாண்டி ஒரு கடற்பசுவின் நரம்புக்குள் நுழையாது. தண்ணீரில் தூரத்துப் படகின் சத்தம் கேட்டிருக்கும். அதற்குள் அவ்வளவுதான் போயிருக்கும்.

அவள் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஆமையில் அதே கசடு. ஆக்டோபஸில் அதே கசடு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் விளிம்பு பிசகவில்லை. அது இயந்திரத்தின் குணம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்கள்.

பிறகு, பதினோரு வருடமாக யாருமே செய்யாத ஒன்றைச் செய்தாள். உணர்பட்டையைப் பிடரியில் ஒட்டிக்கொண்டு, கசடை மட்டும் ஓடவிட்டாள்.

முதலில் நாக்கு உள்ளே சுருண்டது. தொண்டை மூடிக்கொண்டது. கவளத்தை வாயில் போட்ட பிறகு அதில் ஈரத் தலைமுடி கிடப்பது தெரிந்தால் உடம்பு மொத்தமும் ஒரு கணம் குறுகுமே, அந்தக் கணம் முடியாமல் நீண்டது. பயம் என்றால் ஓடலாம். கோபம் என்றால் முட்டலாம். இது இரண்டும் இல்லை. நெரிசல் பேருந்தில் யாரோ ஒருவனுடைய வியர்த்த அக்குளுக்கடியில் முகம் மாட்டிக்கொண்டவனின் நிலை. எண்ணெய்ப் பிசுக்கோடு, குமிழ்விட்டுக்கொண்டு, வெதுவெதுப்பாக ஏதோ நெருங்கியது. அது மூக்கால் முனகியது. இரண்டே சுரம், திரும்பத் திரும்ப. பிலோமிக்கு அந்த முனகல் தெரியும். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பதினாறு வருடமாகக் கேட்டது. பிறகு ஒரு கை விலாவில் பட்டது. பட்ட இடத்துத் தோலைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகலாம்போல் இருந்தது.

பட்டையைப் பிய்த்தெடுத்துவிட்டுக் குப்பைக்கூடையில் வாந்தியெடுத்தாள்.

மறுநாள் மதியம் வீட்டில் ஊளி மீன் குழம்பு. கஸ்பார் மீன்தலையைப் பிளந்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். பிலோமி தட்டைத் தொடவில்லை.

"என்னட்டி, முள்ள எண்ணுத மாதிரி பாத்துட்டு இருக்க?"

"கசடு என்னன்னு தெரிஞ்சு போச்சு."

"என்னவாம்?"

"மிசின் சத்தம் இல்ல. நம்மள நெனச்சி அதுக்கு வார அருவருப்பு. நீங்க கிட்டப் போனா அதுக்குக் கொமட்டுது. ஆமைக்கும் அப்படித்தான், எல்லாத்துக்கும் அப்படித்தான். நாம அதக் கழிச்சிட்டு, மிச்சத்த அன்புன்னு காட்டுதோம்."

கஸ்பார் சிரித்தான். மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது. "பதினோரு வருசமா என் கை பட்டா ஆடாம அசையாம நிக்கி. ஒனக்கு என்னப் புடிக்கலன்னா நேராச் சொல்லு. வாயில்லா சீவன் மேல ஏன் பழியப் போடுத?"

"புடிக்காமயா பதினாறு வருசம் ஆக்கிப் போட்டேன்? நாளைக்கு வாங்க, பட்டையப் போட்டுக் காட்டுதேன்."

"நாளைக்குப் பூசை இருக்கு."

"பூசை முடிஞ்சி வாங்க. கழிக்காம ஒரு தடவ பாருங்கன்னுதான் சொல்லுதேன், கழுத்த வெட்டிக்கச் சொல்லல."

பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு வந்தான். இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட வேண்டும் என்று பிலோமி சொல்லியிருந்தாள். இரண்டு நிமிடம் ஆனது. அவன் கழற்றவில்லை. அவள் கையை நீட்டியபோது தட்டிவிட்டான். பன்னிரண்டு நிமிடம், முழுப் பதிவும் முடிகிறவரை உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் தன் கையைத் தூக்கி, அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் பார்த்தான்.

"நீங்கன்னு இல்ல," என்றாள் பிலோமி. "ஆரு போனாலும் அதுக்கு அப்படித்தான் இருக்கும்."

"நான்தான போனேன்," என்றான் கஸ்பார்.

உணர்பட்டையில் வாங்கிய எந்த உணர்ச்சியும் இருபது நிமிடத்தில் வடிந்துவிடும் என்பது கணக்கு. மற்றவர்கள் பட்டையைக் கழற்றினால் கடற்பசு போய்விடும். இவன் கழற்றினாலும் கஸ்பார் போகவில்லை. எந்த அறைக்குப் போனாலும் அங்கே அவனே இருந்தான். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்பது தடவை குளித்தான். வாய்க்குள் நாக்கு கிடப்பது வேறொருவன் நாக்கு கிடப்பதுபோல் இருக்கிறது என்றான். அதோடு சோறு இறங்கவில்லை. கஞ்சியை வாயில் ஊற்றினால், தன் எச்சில் அதில் கலந்த உடனே குமட்டித் துப்பினான். இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு மாதத்தில் தோள் எலும்பு துருத்திக்கொண்டது.

இதற்கிடையே சபேசனுக்குச் செய்தி போனது. சென்னையிலிருந்து பறந்து வந்தார். மூடி மறைக்கச் சொல்வார் என்று பிலோமி நினைத்தாள். அவர் கசடைப் போட்டுப் பார்த்துவிட்டு, கழிவறைக்குப் போய்வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படியே போடுறோம். கழிக்காம."

"மனுசங்க தாங்க மாட்டாங்க சார்."

"தாங்குவாங்கம்மா. நீ மனுசங்கள ரொம்பப் பெருசா நெனைக்கிற."

அவர் சொன்னதுதான் சரி. நாடு வெட்கப்படும், கடலை விட்டு விலகும் என்றெல்லாம் பிலோமி எதிர்பார்த்தாள். மக்கள் பார்த்தார்கள், வாந்தியெடுத்தார்கள், மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அருவருப்பு ஓர் ஆளை நோக்கி வந்தது, திரையில் அந்த ஆளின் முகம் தெரிந்தது, வேலை முடிந்தது. அந்த முக்குளிப்பாளன்தான் நாற்றம், நாமெல்லாம் சுத்தம். கஸ்பார் கடைக்குப் போனால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின. வாசலில் யாரோ ஒரு கட்டி சோப்பை வைத்துவிட்டுப் போனார்கள். கஸ்பார் அதை எடுத்துக் குளித்தான். அதுதான் கொடுமை.

அவன் செத்துப்போவான் என்று பிலோமிக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. நரம்பொற்றி ஒன்றை எடுத்து அவன் காதுக்குப் பின்னால் ஒட்டினாள். கண்ணாடி முன் உட்காரவைத்தாள்.

"பத்து நிமிசம் அசையாம ஒங்களயே பாருங்க."

"என்னத்துக்கு?"

"நீரமைதி எடுக்கேன்."

அவன் கண்ணாடியைப் பார்க்கப் பார்க்கத் தொண்டை ஏறி இறங்கியது. பத்து நிமிடம் தாக்குப்பிடித்தான், அது அவனுடைய தொழில். அவள் அந்தக் கசடை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, ஒரு சின்னப் பட்டையில் ஏற்றி அவன் பிடரியில் ஒட்டினாள். உள்ளே எழும்புவதும் பட்டையிலிருந்து இறங்குவதும் ஒன்றையொன்று தின்றுவிடும். தரைமட்டம்.

அன்று மதியம் கஸ்பார் ஏழு இட்லி தின்றான். கை கழுவும்போது மூக்கால் முனகினான்.

தினமும் காலையில் கண்ணாடி முன் பத்து நிமிடம் எடுத்துப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். சபேசன் வந்து பார்த்தார். பிறகு கேட்டார், "பிலோமி, இது இவருக்கு மட்டும் இருக்கிற வியாதின்னா நெனைக்கிற?"

'சமனி' என்ற பெயரில் ஆறு மாதத்தில் அது எல்லாக் கடைகளிலும் வந்தது. எதன் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தாலும் அதன் மேல் உள்ள அருவருப்பு போய்விடும். படுக்கையில் கிடந்த மாமனாருக்குப் பணிவிடை செய்தவர்கள் வாங்கினார்கள். அது நல்லது. விடுதிச் சமையலைச் சாப்பிட வேண்டியவர்கள் வாங்கினார்கள். அதிலிருந்து விடுதிச் சமையல் இன்னும் மோசமானது. பாதாளச் சாக்கடை ஒப்பந்தக்காரர் ஒருவர், இயந்திரம் வாங்கச் சொன்ன இடத்தில் நூறு சமனி வாங்கி ஆட்களின் பிடரியில் ஒட்டி உள்ளே இறக்கினார். தலைமேல் கறுப்புச் சேறு வழிய அவர்கள் சிரித்துக்கொண்டு மேலே வந்த படம் விளம்பரமாக ஓடியது. அந்தப் பணத்தில் பிலோமிக்குச் சம்பளம் கூடியது. அவள் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த யோசனை கஸ்பாருடையது.

"முத்தம்மாவுக்கு ஒன்னு ஒட்டுவோம்ட்டி."

"வேண்டாம்."

"ஏன்? அதுவும் நிம்மதியா இருந்துட்டுப் போட்டும்."

"அது அருவருத்துட்டுப் போகட்டும். அதுக்குன்னு இருக்கது அது ஒன்னுதான்."

"எனக்குச் செஞ்சல்லா? செய்யாட்டா நான் செத்துருப்பேன்லா? அதுக்கு மட்டும் என்ன?" அவன் குரல் உடைந்தது. "ஒரே ஒரு தடவ, அது என்ன நெசமாவே புடிச்சி வரணும்ட்டி. ஒரே ஒரு தடவ."

பதினோரு வருடம் அவன் இல்லாத ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள். அந்தக் கடனுக்குச் செய்துகொடுத்தாள்.

சமனி ஒட்டிய மறுநாள் முத்தம்மா தானாகப் படகருகே வந்தது. கஸ்பார் தண்ணீரில் இறங்கியதும் தலையை அவன் தோளில் சாய்த்தது. பிலோமியின் திரையில் கசடு ஒரு கோடுகூட இல்லை. கஸ்பார் முகமூடிக்குள் அழுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நாடே அழுதது.

முத்தம்மா எல்லாப் படகுகளையும் தேடிப்போக ஆரம்பித்தது. எண்ணெய் வாடை, இரைச்சல், வலை, எதுவும் அதற்கு அசிங்கமாகப்படவில்லை. பதினோராவது நாள் ஒரு விசைப்படகின் சுழலும் விசிறிக்கு அடியில் போய்த் தலையைச் சாய்த்தது.

மூன்று நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. ஊதிப்போய், முதுகு நீளமாகப் பிளந்து, பிளவில் நண்டுகள். காற்று ஊருக்குள் அடித்தது. ஆனால் கூட்டம் கலையவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கொஞ்ச தூரத்தில் பத்து நிமிடம் நின்று சமனியில் ஏற்றிக்கொண்டு, பிறகு கிட்டே போனார்கள். ஒட்டி நின்று படம் எடுத்தார்கள். ஒருத்தி குழந்தையை அதன் மேல் உட்காரவைத்தாள். கஸ்பார் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தான்.

மதியம் வீட்டுக்கு வந்தான். சட்டை முன்பக்கம் முழுவதும் மஞ்சளாக ஏதோ ஊறி, காய்ந்து, தோலோடு ஒட்டியிருந்தது. முழங்கையில் ஒரு சதைத் துணுக்கு. அப்படியே மேசையில் உட்கார்ந்தான்.

"சோத்தப் போடு. பசிக்கி."

"கையக் கழுவிட்டு வாங்க."

"எதுக்கு?" என்றான். உண்மையாகவே கேட்டான்.

சோற்றைப் பிசைந்தான். விரலிடுக்கில் இருந்தது சோற்றோடு கலந்தது. ருசித்துத் தின்றான், மூக்கால் முனகிக்கொண்டே. பிலோமியின் நாக்கு உள்ளே சுருண்டது. தொண்டை மூடியது. தோல் குறுகியது. இந்த முறை எந்தக் கடற்பசுவும் இல்லை. முழுக்க முழுக்க அவளுடையது.

அவன் சமனியைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான். விட்டுவிட்டுப் போகலாம். போனால் காலையில் அவனுக்குப் பட்டையைப் புதுப்பித்துக் கொடுக்க ஆள் இல்லை. இரண்டு நாள் எச்சிலை விழுங்கிக்கொண்டு யோசித்தாள். மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு மணியும் ஒரு பட்டையும் எடுத்து வந்தாள். மணியைக் காதுக்குப் பின்னால் ஒட்டி, கொண்டையைத் தளர்த்திப் பிடரியை மறைத்தாள். சாப்பாட்டு மேசையில் கஸ்பாருக்கு எதிரே உட்கார்ந்து, கைகளைக் கோத்து, சாப்பிடுவதற்கு முன் ஜெபம் சொல்வதுபோல் பத்து நிமிடம் அவனையே பார்த்தாள்.

அது வேலை செய்தது. அன்று அவன் தட்டிலிருந்த மீனை எடுத்து அவளும் தின்றாள். அவன் தோளில் கைபோட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. வழுவழுப்பான அமைதி.

ஒரு வாரம் இப்படிப் போனது. எட்டாவது நாள் அவள் உட்கார்ந்தபோது கஸ்பார் ஏற்கெனவே எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். உள்ளங்கைகள் தொடைமேல். மூச்சு சீராக, கண் இமைக்காமல். முனகல் இல்லை.

"என்ன இங்க உக்காந்துட்டீங்க?" என்றாள். "கண்ணாடி முன்னால உக்காரலியா இன்னைக்கி?"

"அதக் காலைலயே முடிச்சிட்டேன்."

"பின்ன?"

"சும்மாதான். இங்க வெளிச்சம் நல்லாருக்கு."

அவன் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அவன் காதுக்குப் பின்னாலிருந்து மணியின் பச்சைப் புள்ளி தெரிந்தது. ஒன்றல்ல, இரண்டு மணிகள். ஒன்று அவனுக்காக அவள் ஒட்டியது. மற்றது புதிது.

தன்னிடம் அவனுக்கு எது அருவருப்பாக இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தாள். என்றைக்கிலிருந்து என்றும் கேட்க வேண்டும். கேட்டால் அவனும் கேட்பான்.

தட்டுகளில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாடி வீட்டுக்காரி படியிறங்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இந்தக் காலத்திலும் புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஜெபம் பண்ணுதாங்களே என்று மெச்சிக்கொண்டு போனாள். பத்து நிமிடம் முடிய இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அவன் அசையவில்லை. அவளும் அசையவில்லை. அசைந்தால் பதிவு கெட்டுவிடும்.